பிள்ளைக்கு உணவு அலர்ஜியா? ஒன்ராறியோவில் பள்ளிக்கூடம் தொடங்குமுன் செய்ய வேண்டியவை

ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பிள்ளைக்குக் கச்சானோ பாலோ முட்டையோ ஒத்துக்கொள்ளாது என்றால், பள்ளிக்கூடத்தில் பதியும் அன்றே சொல்லிவிடுங்கள். வந்தவுடனேயே கரைச்சல் கொடுக்கிறோம் என்று நினைப்பார்களோ என்று நம்மில் பலர் தயங்குகிறோம். தயங்கவே வேண்டாம். அலர்ஜி உள்ள பிள்ளையைப் பள்ளி பாதுகாப்பது இங்கே யாரும் பார்த்துச் செய்யும் உதவி இல்லை, சட்டம்.

2003இல் ஒன்ராறியோவின் பெம்புரோக் நகரில் சப்ரினா ஷானன் என்ற 13 வயதுப் பிள்ளை பள்ளிக் கன்டீனில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கிச் சாப்பிட்டாள். அவளுக்குப் பால் அலர்ஜி. சீஸ் பட்ட இடுக்கியால் பொரியலை எடுத்துக் கொடுத்ததுதான் காரணம் என்று கருதப்பட்டது. உயிர் காக்கும் ஊசி அவளுடைய லாக்கருக்குள் இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் விடாமல் குரல் கொடுத்தார். 2005இல் மாகாண சட்டமன்றம் 'சப்ரினா சட்டத்தை' நிறைவேற்றியது. 2006 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இந்தச் சட்டப்படி கடுமையான அலர்ஜி உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அதிபர் தனித் திட்டம் எழுத வேண்டும், ஊழியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் முன்அனுமதி இல்லாவிட்டாலும் ஊழியர் ஊசி போடலாம். பிள்ளையின் விபரங்களைச் சரியாகக் கொடுத்து, மாறும்போது தெரிவிப்பது மட்டும் நம் பொறுப்பு.

அந்த உயிர் காக்கும் ஊசியை, அதாவது எபிபென்னை, பள்ளி அலுவலகத்தில் மட்டும் கொடுத்து வைக்காதீர்கள். தானே பார்த்துக்கொள்ளும் வயது வந்த பிள்ளை என்றால், இடுப்புப் பையில் எப்போதும் கூடவே இருக்கட்டும். 24 வயது வரை, தனியார் காப்புறுதி இல்லாவிட்டால், வைத்தியரின் மருந்துச் சீட்டோடு ஓஹிப் பிளஸ் என்ற மாகாண மருந்துத் திட்டம் மூலம் இலவசமாகக் கிடைக்கும். மூச்சு முட்டினால், தொண்டை வீங்கினால் முதலில் தொடையின் வெளிப்பக்கத்தில் ஊசி, உடனே 911. உடுப்புக்கு மேலாகவே போடலாம். பிள்ளை தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். அலர்ஜிக் குளிசை இந்த ஊசிக்கு ஈடாகாது.

அப்புறம் நம் சமையலறை. கடுகும் எள்ளும் கனடாவின் முக்கிய அலர்ஜிப் பட்டியலில் இருக்கின்றன. 2012 ஆகஸ்ட் முதல் பொதி செய்த உணவுகளின் லேபிளில் அவற்றைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். ஆனால் பள்ளிகள் அனுப்பும் 'நட் ஃப்ரீ' (கொட்டை வகை வேண்டாம்) அறிவித்தல் பெரும்பாலும் கச்சான், கஜு வகைகளைத்தான் சொல்லும். அதனால் பிள்ளைக்கு எள் ஒத்துக்கொள்ளாது என்றால் படிவத்தில் எள், எள்ளுருண்டை, நல்லெண்ணெய் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். கடுகு என்றால் தாளிதத்தையும் விளக்குங்கள், ஆசிரியருக்கு அது தெரிந்திருக்காது. அலர்ஜி இல்லாத பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒன்று: சின்ன வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் வகுப்பறையிலேயே, தங்கள் மேசையிலேயே சாப்பிடுகிறார்கள். நீங்கள் ஆசையாகக் கட்டிக் கொடுக்கும் கச்சான் அல்வாவைப் பக்கத்துப் பிள்ளையின் கைக்குக் கொடுக்க ஒரு நொடி போதும்.

எதையெல்லாம் விலக்குவது, பாலை நிறுத்தினால் கல்சியத்துக்கு என்ன செய்வது என்று நீங்களாகவே முடிவெடுக்காதீர்கள். டயட்டீஷியனை, அதாவது உணவியல் நிபுணரைப் பாருங்கள். குடும்ப வைத்தியர் குழுக்களிலும் சமூக சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். டயட்டீஷியன் என்ற பெயரை ஒன்ராறியோவில் பதிவு பெற்றவர்கள் மட்டுமே பயன்படுத்த முடியும். நியூட்ரிஷனிஸ்ட் என்பதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, ஆகவே பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

தனி ஆட்களுக்கு உணவுத் திட்டம் எழுதுவதோடு டயட்டீஷியன்களின் வேலை முடிவதில்லை. பள்ளிகளில் எல்லாப் பிள்ளைக்கும் உணவு வேண்டும் என்று கனடாவின் டயட்டீஷியன் சங்கம் அரசை வற்புறுத்தி வந்தது. 2024இல் மத்திய அரசு தேசிய பள்ளி உணவுத் திட்டத்துக்கு 5 ஆண்டுகளில் 100 கோடி டாலர் அறிவித்தது. மனதார வரவேற்கிறேன், பசியோடு வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் இங்கேயும் உண்டு. ஆனால் பள்ளியிலேயே காலையுணவு கிடைக்கும்போது, அதில் என்ன சேர்கிறது என்று கேட்க வேண்டியதும் நாம்தான். காலையுணவைப் பரிமாறுபவருக்கு உங்கள் பிள்ளையின் திட்டம் தெரியுமா என்று அதிபரிடம் கேளுங்கள்.

ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மன்றம் இருக்கிறது. ஆங்கிலம் தடுமாறினாலும் போங்கள். உணவு பற்றிய பேச்சு வரும்போது எள்ளையும் கடுகையும் அங்கே எடுத்துச் சொல்ல நம்மைவிடப் பொருத்தமானவர் யார்?