ஹாங்காங் வருகிறீர்களா? எந்தச் சைனீஸ் கற்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஹாங்காங்குக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் வாடகை, பள்ளி, மளிகைக்கடை எல்லாம் விசாரித்து முடித்தபின் கேட்பது இது: "கொஞ்சம் சைனீஸ் கத்துக்கிட்டா போதும்தானே?" போதும். ஆனால் எந்தச் சைனீஸ்? எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. சென்னையில் மூன்று மாதம் வகுப்புக்குப் போய், சீனாவின் பொதுமொழியான மாண்டரின் படித்துவிட்டு வந்திறங்கினேன். முதல் வாரம் சந்தையில் ஒரு காலிஃபிளவரைக் காட்டி "யி" என்றேன். கடைக்கார அம்மா இரண்டு எடுத்துப் பையில் போட்டார். மாண்டரினில் யி என்றால் ஒன்று, காண்டனீஸில் யி என்றால் இரண்டு.

இங்கே வீடு, சந்தை, பஸ், மருத்துவமனை, அலுவலகச் சாப்பாட்டு மேசை எங்கும் பேசுவது காண்டனீஸ்தான். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 88 சதவீதம் பேர் தாங்கள் வழக்கமாகப் பேசும் மொழி என்று அதைத்தான் சொன்னார்கள். சட்டத்தில் ஆட்சிமொழிகள் சீனமும் ஆங்கிலமும் என்று மட்டுமே இருக்கிறது, எந்தச் சீனம் என்று இல்லை. மாண்டரினை இங்கே போதுங்வா என்பார்கள். பள்ளியில் படிப்பதால் பலருக்கும் அது புரியும், பதிலும் சொல்வார்கள். ஆனால் அது அவர்கள் வீட்டுப் பேச்சு இல்லை.

இரண்டும் ஒரே மொழியின் வட்டார வழக்குகள் என்று பலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காண்டனீஸ் காதில் விழாமல் பெய்ஜிங்கில் வளர்ந்தவருக்கு இந்தச் சந்தைப் பேச்சு புரியாது. தமிழும் மலையாளமும் மாதிரி ஒரு வேர், இரண்டு மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடு என்பதற்கு இங்கே "சிக்", மாண்டரினில் "ச்சி". குடி என்பது இங்கே "யாம்", அங்கே "ஹ". "சாவ்" என்றால் இங்கே கிளம்பு, ஓடு. அதே எழுத்தை மாண்டரினில் "சோவ்" என்று படித்தால் நட என்று பொருள்.

எழுத்தில்தான் குழப்பம் அதிகம். செய்தித்தாளும் பாடநூலும் அரசுக் கடிதமும் மாண்டரினை ஒட்டிய பொது எழுத்துநடையில் வரும். இங்குள்ளவர்கள் அதைக் காண்டனீஸ் ஒலியில் படிப்பார்கள், பேசும்போது வேறு சொல் போடுவார்கள். நமக்கு இது புதிதல்ல. "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று எழுதிவிட்டு "வந்துட்டிருக்காங்க" என்று சொல்கிறவர்கள்தானே நாம்! ஆனால் இங்கே சொல்லே மாறிவிடும். அவன் என்பதற்குப் புத்தகத்தில் "தா", வாயில் "கூய்". இல்லை என்பதற்கு வாயில் "மோ". உண்டு என்ற எழுத்தின் உள்ளே இருக்கும் இரண்டு கோடுகளை எடுத்துவிட்டால் அந்த "மோ" எழுத்து கிடைக்கும். வயிறு காலியானால் இல்லை! நான் முதன்முதலில் மறக்காமல் வைத்துக்கொண்ட எழுத்து அதுதான். இன்னொன்று, சீனப் பெருநிலத்தில் 1956 முதல் எளிமையாக்கிய எழுத்துகள் வந்துவிட்டன. இங்கே இன்னும் பழைய, கோடுகள் நிறைந்த எழுத்துதான். ஊரில் வாங்கிய மாண்டரின் புத்தகத்தை வைத்துக் கடைப் பலகைகளைப் படிக்க முடியாமல் போவது அதனால்தான்.

காண்டனீஸ் கஷ்டம் என்று பயமுறுத்துவார்கள். சுரம் என்பது சொல்லின் பொருளையே மாற்றிவிடும் குரல் ஏற்ற இறக்கம். மாண்டரினுக்கு நான்கு சுரம், இதற்கு ஆறு என்பது உண்மைதான். "மாய்" என்பதை ஒரு சுரத்தில் சொன்னால் வாங்குவது, இன்னொன்றில் சொன்னால் விற்பது. ஆனால் ஒலிகளைப் பொறுத்தவரை தமிழனுக்கு இது அன்னியம் இல்லை. மாண்டரினில் மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் ன், ங் மட்டுமே. காண்டனீஸில் ம், ப், ட், க் என்றும் முடியும். மூன்று என்பது "ஸாம்", நம் சாம்பாரின் முதல் அசை மாதிரி. பத்து "ஸப்", எட்டு "பாட்". ஆங்கில எழுத்தில் பி போட்டு எழுதியிருந்தாலும் அந்த எட்டை நம் "பால்" என்பதில் வரும் பகரமாகவே சொல்லுங்கள், சரியாக விழும். ஒரே எச்சரிக்கை: கடைசியில் உகரம் சேர்க்காதீர்கள். நாம் கப்பைக் கப்பு ஆக்குகிறவர்கள். இங்கே "ஸப்" என்று உதட்டை மூடினால் மூடியதுதான், திறக்கக் கூடாது.

ஐந்து என்பது வெறும் "ங்". சின்ன வயதில் எழுதிப் பழகியதோடு விட்டுவிட்ட நம் ஙகரம் இங்கே ஒரு முழுச் சொல். நான் என்பதும் "ஙோ". இளைஞர்கள் பலர் அந்த ஙகரத்தை விழுங்கி "ஓ" என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். அப்புறம் "ம்". நாம் ஆமோதிக்கச் சொல்லும் ம், இங்கே அடுத்த சொல்லோடு ஒட்டி அதை மறுக்கும். "ஹாய்" என்றால் ஆம், "ம்ஹாய்" என்றால் இல்லை.

முதல் மாதத்துக்கு இரண்டு நன்றிகள் போதும். யாராவது உங்களுக்கு ஒரு வேலை செய்தால், கதவைப் பிடித்தால், தேநீர் கொண்டுவந்தால் "ம்கோய்". பரிசு தந்தாலோ விருந்து வைத்தாலோ "தோச்சே". "ம்கோய்" என்பதையே கொஞ்சம் வழிவிடுங்கள், இங்கே பாருங்கள் என்பதற்கும் சொல்லலாம்.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, கீரை வதக்கலின் மேலேயே சிப்பிச் சாறு ஊற்றித் தருவார்கள். "ஙோ சிக் சாய்", நான் சைவம் சாப்பிடுகிறவன், என்று சொல்லுங்கள். அதற்கு மேல் "சாவ் ஹோயாவ்", சிப்பிச் சாறு வேண்டாம், என்றும் சேருங்கள். கிளம்பு என்ற அதே "சாவ்"தான் இங்கே "அதை விட்டுவிடு" என்று ஆகிறது.

குழந்தைகள் விஷயத்தில் நிதானமாக முடிவெடுங்கள். பன்னாட்டுப் பள்ளிகளில் சீனம் என்றால் பெரும்பாலும் மாண்டரின்தான். இரண்டு மூன்று வருடத்தில் கிளம்பிவிடுவதாக இருந்தால் அதுவே நல்லது, உலகில் வேறெங்கு போனாலும் பயன்படும். ஏழு ஆண்டு தங்கி நிரந்தர வசிப்புரிமை வாங்கும் எண்ணம் இருந்தால், பிள்ளையை உள்ளூர் மழலையர் பள்ளியில் போடுவதையே நான் சொல்வேன். மூன்று வயதில் காதால் வருவது பத்து வயதில் புத்தகத்தால் வராது. சீனம் தாய்மொழியல்லாத மாணவர்களுக்கென்று 2014-15 கல்வியாண்டு முதல் தனிப் பாடத்திட்ட வழிமுறை இருக்கிறது. சேர்க்கும்போதே பள்ளியில் அதைப் பற்றிக் கேளுங்கள், வகுப்பில் சீனப்பாடத்தைக் காண்டனீஸில் நடத்துகிறார்களா மாண்டரினிலா என்பதையும் கேளுங்கள். பள்ளிக்குப் பள்ளி மாறும். பொது மருத்துவமனைக்குப் போகவேண்டியிருந்தால் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

காண்டனீஸ் ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ள யுத்பிங் என்ற முறையைப் பழகுங்கள். 1993இல் ஹாங்காங் மொழியியல் கழகம் வகுத்தது, சுரத்தை எண்ணாகக் காட்டும். இங்குள்ளவர்களில் பலருக்கே அது தெரியாது, அதனால் அவர்களிடம் எழுதிக் காட்டாமல் சொல்லிக் காட்டுங்கள்.

பயிற்சிக்கு மினிபஸ்ஸைவிட நல்ல இடம் இல்லை. சிவப்பு மினிபஸ்ஸில் இறங்க வேண்டுமென்றால் குரல்தான் கொடுக்க வேண்டும். உங்கள் நிறுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஓட்டுநர் காதில் விழும்படி, "பாசி சாம் யாவ் லோக், ம்கோய்!" பாசி என்பது நம் பஸ்தான், சாம் என்பது நிறுத்தம், யாவ் லோக் என்றால் இறங்குகிறவர் இருக்கிறார். சுரம் கொஞ்சம் தப்பினாலும் வண்டி நிற்கும்.