நீரிழிவு எலிகளில் வைட்டமின் சி, ஈ: ஆய்வைத் திட்டமிடும் முறை

நாகர்கோவில் பகுதிக் கல்லூரிகளில் விலங்கியலோ உயிர்வேதியியலோ படிக்கும் முதுகலை மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும்போது, மருந்துவாழ்மலையில் கிடைக்கும் ஏதேனும் ஒரு மூலிகையின் சாற்றை நீரிழிவு எலிக்குக் கொடுத்து, வைட்டமின் ஈ பெற்ற எலியோடு ஒப்பிடலாம் என்பதே பெரும்பாலும் முதலில் தோன்றும் எண்ணமாக இருக்கிறது. உரைகல்லாக வைக்கும் வைட்டமினின் இயல்பே விளங்காமல் மூலிகையை உரசிப் பார்த்துப் பயனில்லை என்பதால், இங்கே வைட்டமின் சி, ஈ இரண்டை மட்டும் கொண்டு ஆய்வை அமைக்கும் முறையைச் சொல்கிறேன்.

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கைக்கு வரும் முன் ஓர் எலியைக்கூட வாங்கக் கூடாது. அந்த விண்ணப்பத்தை எழுதும்போதே, வைட்டமினை எப்போது தொடங்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துவிட வேண்டும். என் பார்வையில் ஆய்வின் பொருளையே தீர்மானிப்பது இந்த ஒரு முடிவுதான். எலிக்கு நீரிழிவை உண்டாக்க ஊசியாகப் போடும் ஸ்ட்ரெப்டோசோடோசின் என்னும் மருந்து, குளூக்கோசைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் குளுட்-2 என்ற வாயில் வழியாகக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லுக்குள் நுழைந்து, டி.என்.ஏ.வைச் சிதைத்து, அதைச் சரிசெய்யும் முயற்சியிலேயே செல்லின் ஆற்றல் இருப்பு தீர்ந்துபோகும்படி செய்கிறது. இந்த அழிவில் ஃபிரீ ராடிக்கல்கள் எனப்படும், செல்லைத் தாக்கும் வினைமிகு மூலக்கூறுகளுக்கும் பங்குண்டு; வைட்டமின் சி, ஈ இரண்டும் அவற்றைத் தணிப்பவை. ஆகவே ஊசி போடுவதற்கு ஒரு வாரம் முன்பே வைட்டமினைத் தொடங்கினால், பீட்டா செல்கள் ஓரளவு தப்பி, சர்க்கரையே குறைவாக ஏறி, அதன் விளைவாக மற்ற அளவீடுகளும் நல்லபடியாகத் தெரியக்கூடும். அது மருந்தின் நஞ்சிலிருந்து காப்பது பற்றிய ஆய்வாகுமே தவிர, நீரிழிவு வந்த பின் ஃபிரீ ராடிக்கல்கள் மிகுந்து உண்டாகும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் பற்றிய ஆய்வாகாது. பின்னதுதான் நோக்கம் என்றால், நீரிழிவு உறுதியான பிறகே முதல் வேளை வைட்டமினைக் கொடுக்க வேண்டும்.

மருந்தைக் கரைப்பதில் அவசரமும் வேண்டும், நிதானமும் வேண்டும். பி.எச். 4.5 உள்ள குளிர்ந்த சிட்ரேட் பஃபரில், பனிக்கட்டியின் மேல் வைத்துக் கரைத்து, பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் ஊசியாகச் செலுத்திவிட வேண்டும். எங்கள் முதல் தொகுதியில் எல்லா எலிகளுக்கும் சேர்த்து ஒரே குப்பியில் கரைத்து வைத்தோம்; கடைசிக் கூண்டுகளை எட்டுவதற்குள் மருந்து வீரியம் இழந்திருந்தது, அந்த எலிகளுக்குச் சர்க்கரை ஏறவே இல்லை. விஸ்டார் என்னும் ஆய்வக இனத்தின் வளர்ந்த ஆண் எலிக்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மி.கி. வரை வழக்கமாகப் போதும். இது புற்றுநோய் உண்டாக்கும் பொருளாதலால் கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடக் கூடாது. சாகும் பீட்டா செல்களிலிருந்து இன்சுலின் கொட்டி, சில மணி நேரத்தில் சர்க்கரை அபாயமாகத் தாழும் என்பதால், முதல் 24 மணி நேரம் 5 முதல் 10 விழுக்காடு குளூக்கோஸ் நீரைக் குடிக்க வைக்க வேண்டும். 72 மணி நேரம் கழித்து, வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 250 மி.கி.க்கு மேல் காட்டும் எலிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நீரிழிவு எலி ஓயாமல் சிறுநீர் கழிக்கும். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தின் ஈரப்பதத்தில் கூண்டின் உமி ஒரே இரவில் நொதநொதத்துவிடும் என்பதால் அதைத் தினமும் மாற்ற வேண்டும்.

இயல்பான எலி, வைட்டமின் பெற்ற இயல்பான எலி, நீரிழிவு எலி, வைட்டமின் பெற்ற நீரிழிவு எலி ஆகிய நான்கு குழுக்களோடு, இன்சுலின் பெற்ற நீரிழிவு எலிகளையும் ஐந்தாவதாகச் சேர்ப்பது நல்லது. சர்க்கரை குறைந்தாலே ஆக்சிஜனேற்ற அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்பதை அந்தக் குழு காட்டிவிடும். வைட்டமின் ஈ எண்ணெயில் கரைவது. அதே எண்ணெயை அதே அளவில் மற்றக் குழுக்களுக்கும் கொடுக்க வேண்டும். சூரியகாந்தி எண்ணெயிலேயே வைட்டமின் ஈ நிறைய இருப்பதால், அதைக் கரைப்பானாக்கினால் ஒப்பீட்டுக் குழுவும் வைட்டமின் பெற்றதாகிவிடும். நம் வீட்டுத் தேங்காயெண்ணெயில் அது மிகக் குறைவு. வைட்டமின் சி கரைசலை அன்றன்று, காய்ச்சி வடித்த நீரில், பழுப்புப் புட்டியில் தயாரிக்க வேண்டும். குழாய் நீரில் உள்ள இரும்பும் செம்பும் அதைச் சில மணி நேரத்தில் கெடுத்துவிடும். வைட்டமின் சி கொடுத்த உடனே குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்ப்பதையும் தவிர்க்க வேண்டும்: மின்வேதி முறையில் இயங்கும் கருவிகள் உண்மையைவிடக் கூடுதலாகவும், பெராக்சிடேஸ் நிறமுறைச் சோதனை குறைவாகவும் காட்டக்கூடும்.

ஆய்வின் முடிவில் கல்லீரலைக் குளிர்ந்த உப்புநீரால் இரத்தம் போகக் கழுவி எடுக்க வேண்டும். இரத்தம் கலந்த திசுவில், சிவப்பணுக்களில் இருக்கும் கேட்டலேஸ் என்னும் ஆக்சிஜனேற்றத் தடுப்பு நொதி திசுவின் கணக்கில் சேர்ந்துவிடும். செல்லின் சொந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பானான குளூட்டாதயோனை அன்றே, எல்மன் வினைபொருள் சேர்த்து 412 நானோமீட்டரில் அளந்துவிடுவது பாதுகாப்பானது. கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தைக் காட்டும் மாலோன்டையால்டிஹைடை தயோபார்பிட்டூரிக் அமிலத்தோடு கொதிநீர்த் தொட்டியில் சூடாக்கினால் பன்னீர் ரோஜா இதழின் நிறம் வரும். அதை 532 நானோமீட்டரில் அளக்கிறோம். சோதனைக் குழாயை வெள்ளைத் தாளின் முன் தூக்கிப் பார்த்தால் சில வேளை அந்த நிறத்தில் மஞ்சள் ஏறியிருக்கும். சர்க்கரைகளும் இந்த அமிலத்தோடு வினைபுரியக் கூடியவை என்பதால், சர்க்கரை மிகுந்த நீரிழிவு மாதிரியில் இந்த ஒரே சோதனையை நம்பி முடிவு எழுதுவது சரியல்ல. சூடாக்கும்போதே புதிதாக ஆக்சிஜனேற்றம் நடக்காதிருக்க பி.எச்.டி. என்னும் தடுப்பானைச் சிறிதளவு சேர்ப்பார்கள். அது முனைவர் பட்டமன்று, பியூட்டைலேற்றிய ஹைட்ராக்சிடொலுவீன்.

விவாதப் பகுதியில் அளவைக் குறித்து நேர்மையாக எழுத வேண்டும். எலிக்குக் கிலோவுக்கு 100 மி.கி. வைட்டமின் என்பதை உடற்பரப்புக் கணக்குப்படி 6.2 ஆல் வகுத்தால், 60 கிலோ மனிதருக்கு ஏறத்தாழ 970 மி.கி. ஆகும். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஹோப் (HOPE) என்னும் மருத்துவ ஆய்வில், நீரிழிவு உள்ளோர் பலர் அடங்கிய ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் தினமும் 400 அலகு வைட்டமின் ஈ பெற்றவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எலி தன் கல்லீரலில் வைட்டமின் சி-யைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது. மனிதருக்கும் கினிப் பன்றிக்கும் அதற்கான நொதி இல்லை. வாய்மொழித் தேர்வில் நான் கேட்கும் முதல் கேள்வி இதிலிருந்துதான் வரும்: தானே செய்துகொள்ளும் விலங்குக்கு ஏன் வெளியிலிருந்து கொடுத்தீர்கள்? நீரிழிவில் அந்த உற்பத்தி குன்றி, சிறுநீரில் இழப்பும் கூடுவதால் இரத்தத்தில் அதன் அளவு தாழ்கிறது என்று விடை சொல்பவர், தம் எலிகளின் இரத்தத்தில் அதை அளந்த அட்டவணையையும் கையோடு கொண்டுவர வேண்டும்.