ஜூலையில் அளந்த ஊற்றை நம்பலாமா?

நேபாள மலைக் கிராமங்களுக்குத் தன்னார்வலர்களாகப் போகும் பொறியியல் மாணவர்கள் விரும்பி எடுக்கும் வேலைகளில் ஒன்று, மேட்டு ஊற்றுநீரை மோட்டார் இல்லாமலே குழாய் வழியாக ஊருக்குள் இறக்குவது. பார்வைக்கு எளிமையான வேலைதான். ஆனால் அமெரிக்க, ஐரோப்பியக் கல்லூரிகளுக்குக் கோடை விடுமுறை ஜூன், ஜூலையில் வருகிறது. நேபாளத்தில் அப்போது மழைக்காலம். பெரிய தவறுகள் பலவும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதலாவது, ஊற்றின் வரத்தை அப்போது அளந்து அதையே வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்வது. வரத்து அடிமட்டத்துக்குப் போவது மழைக்கு முந்திய சித்திர, வைசாக மாதங்களில், அதாவது மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை. ஜூலையில் 20 லிட்டர் வாளி 50 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 0.4 லிட்டர். நேபாளக் கிராமக் குடிநீர்த் திட்டங்களில் வழக்கமான அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர்; அந்தக் கணக்கில் 768 பேருக்குப் போதும். அதே வாளி ஏப்ரலில் நிரம்ப 200 நொடி எடுத்தால் 192 பேருக்குத்தான் வரும். 15, 20 ஆண்டு மக்கள்தொகைப் பெருக்கத்தையும் சேர்த்தால் இன்னும் இடிக்கும். ஆகவே உள்ளூர் ஆசிரியர் ஒருவரிடம் வாளியையும் நோட்டையும் கொடுத்து, மார்ச் தொடங்கி வாரத்துக்கு ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். வாளியில் அச்சிட்ட கோட்டை நம்பாமல், லிட்டர் பாட்டிலால் ஊற்றிப் பார்த்து நீங்களே கோடு போடுங்கள். களிமண்ணால் அணைகட்டி நீர் முழுவதையும் ஒரே குழாயில் திருப்பி, ஐந்து முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். 2015 நிலநடுக்கத்துக்குப் பின் பல ஊற்றுகள் வற்றின, சில இடம் மாறின. பழைய அறிக்கையின் எண்ணை அப்படியே நகலெடுப்பதும் ஆபத்துதான். தண்ணீர் சுமக்கும் பெண்களைக் கேட்டால் எந்த மாதம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள்.

மழைக்காலம் ஒன்றுக்கு மட்டும் நல்லது: தண்ணீர்ச் சோதனைக்கு. மேட்டுக் கழிவும் சாணமும் அடித்து வருவது அப்போதுதான். வறண்ட மாதத்தில் சுத்தமாகத் தெரியும் ஊற்றில் ஜூலையில் மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா இருக்கலாம்.

அடுத்தது உயரம். கைபேசி ஜிபிஎஸ் காட்டும் உயரம் 10 மீட்டர் தவறுவது சாதாரணம். 10 மீட்டர் உயரத் தண்ணீர் என்பது சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம். ஏற்ற இறக்கக் கோணத்தை அளக்கும் கைக்கருவியான ஆப்னி லெவல் எடுத்தாலும் முதலில் சரிபார்க்க வேண்டும். இரண்டு மரங்களில் குறி வைத்து, இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் பாருங்கள். ஏற்றக் கோணமும் இறக்கக் கோணமும் ஒத்துவராவிட்டால் கருவி தவறுகிறது. ஒரு டிகிரி பிசகு ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போனால் ஒரு கிலோமீட்டரில் சுமார் 17 மீட்டர் ஆகிவிடும்.

குழாய் உடைவது உயரப் பிசகால் மட்டும் அல்ல. தண்ணீர் ஓடும்போதுள்ள அழுத்தத்தை வைத்துக் குழாய் தேர்ந்தெடுக்கிறார்கள். உச்ச அழுத்தம் வருவதோ இரவில், எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது. சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ தாங்கும் '6 கிலோ தரக்' குழாய்க்கு 60 மீட்டர் உயரத் தண்ணீர்தான் எல்லை. அதற்கு மேல் இறக்கம் இருந்தால் நடுவில் அழுத்தம் தணிக்கும் தொட்டி கட்ட வேண்டும், அல்லது 10 கிலோ தரக் குழாய்க்குப் போக வேண்டும். குழாய் மேடேறி இறங்கும் இடங்களின் உச்சியில் காற்று தங்கி ஓட்டத்தை அடைக்கும். அங்கே காற்று வால்வு வேண்டும். பள்ளத்தில் மண்ணை வெளியேற்ற ஒரு கழிவு வால்வு.

குழாய்ப் பொருத்து பாகங்களை உங்கள் நாட்டிலிருந்து பெட்டியில் கொண்டு போகாதீர்கள். நேபாளக் கடைகளில் கிடைப்பது பிரிட்டிஷ் புரி. அமெரிக்கப் புரியில் அரை அங்குலம், முக்கால் அங்குலம் இரண்டிலும் அங்குலத்துக்கு 14 புரி என்ற கணக்கு ஒன்றாக இருப்பதால் இரண்டு சுற்று நன்றாகவே ஏறும். புரியின் கோணம் அங்கே 60 டிகிரி, இங்கே 55. இறுக்க இறுக்கக் கசியும். டெஃப்லான் டேப்பைக் கூடுதலாகச் சுற்றினாலும் தீராது. கறுப்பு பாலித்தீன் குழாயை வாங்கும்போது 32, 40 மில்லிமீட்டர் என்று சொல்வது வெளிவிட்டம். கணக்கில் உள்விட்டத்தைப் போடுங்கள்.

ஆட்கள் விஷயமும் தேதியைப் பொறுத்ததே. குழி வெட்டுவது ஊரார் தரும் உழைப்பு. அசார் மாதம், அதாவது ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை, நாற்று நடவு. அந்த வாரங்களில் ஆள் வரவில்லை என்றால் அது அக்கறையின்மை அல்ல. உயர அளவெடுப்பை விடுமுறையில் வைத்துக்கொண்டு, குழி வெட்டும் வேலையை அறுவடைக்குப் பின் தள்ளுங்கள். சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலையும் அனுமதி இல்லை. உள்ளூர் அமைப்பு வழியாக முன்பே சரி செய்யுங்கள்.

ஊற்றுக்கு உரிமை யாருடையது என்பதைக் கடைசியில் கேட்பவர்கள் உண்டு. கீழே வாய்க்கால் பாசனமும் தண்ணீர் மாவு ஆலையும் அதே நீரை நம்பியிருக்கலாம். அவர்கள் கையெழுத்து இல்லாமல் தொட்டி கட்டினால், ஒருநாள் குழாய் வெட்டப்பட்டிருக்கும். நீர்ப் பயனாளர் குழுவின் பெயரில் ஊற்றைப் பதிவு செய்த பிறகே சிமெண்ட் மூட்டையை மலையேற்றுங்கள்.