செவ்ரோலே ஸ்மால் பிளாக் வி8: பாயின்ட், டுவெல், டைமிங் சரியாக வைக்கும் முறை

பழைய செவ்ரோலே வி8 ஐடிலில் மிஸ் அடித்தாலோ, பிக்கப் இல்லாமல் திணறினாலோ பெரும்பாலோர் முதலில் கார்புரேட்டரில்தான் கை வைக்கிறார்கள். அதைத் தொடுவதற்கு முன், ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பாருங்கள். கார்புரேட்டர் கோளாறு என்று பிரித்துப் போடப்பட்ட வண்டிகளில் பல, தேய்ந்த பாயின்ட்டாலும் (காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்) தப்பான டைமிங்காலும்தான் (தீப்பொறி விழும் நேரம்) அப்படி ஓடியிருக்கும்.

1957 முதல் 1974 வரை இந்த எஞ்சின்களில் வந்தது, மூடியின் பக்கவாட்டில் தூக்கித் திறக்கும் சின்ன உலோக ஜன்னல் உள்ள டெல்கோ-ரெமி டிஸ்ட்ரிபியூட்டர். 283, 327, 350 (கன அங்குலக் கொள்ளளவு) என்று எந்த ஸ்மால் பிளாக் ஆனாலும் வேலை ஒன்றுதான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஜன்னல் வழியாகப் பாயின்ட் இடைவெளியைத் திருத்தலாம். அந்தக் காலத்துப் பல டிஸ்ட்ரிபியூட்டர்களில் இதற்கு மூடியைக் கழற்றி, எஞ்சினை நிறுத்தி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபில்லர் கேஜோடு மல்லுக்கட்ட வேண்டும்.

தேவைப்படும் கருவிகள் கொஞ்சம்தான்: 1/8 அங்குல ஆலன் கீ, டுவெல் மீட்டர் (பாயின்ட் மூடியிருக்கும் அளவைக் காட்டுவது), டைமிங் லைட் (தீப்பொறி விழும்போதெல்லாம் மின்னும் விளக்கு), ஃபில்லர் கேஜ், காந்த முனை ஸ்குரூ டிரைவர், டிஸ்ட்ரிபியூட்டர் போல்டுக்கு 9/16 அங்குல வளைந்த ஸ்பேனர். டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பின்பக்கம், ஃபயர்வாலை ஒட்டி இருப்பதால் நேர் ஸ்பேனர் உள்ளே போகாது. 3 மி.மீ. ஆலன் கீயும் வேண்டாம்; அது சிறியது, திருகின் அறுகோணத்தை மழுக்கிவிடும்.

பழைய பாயின்ட்டைக் கழற்றுமுன்

மூடியைக் கழற்றி, உள்ளே ஷாஃப்ட்டின் உச்சியில் சுற்றும் ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்ட்டில் ஆட்டம் தெரிந்தால் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் எந்தப் பாயின்ட்டைப் போட்டாலும் டுவெல் நிலையாக நிற்காது. இந்த டிஸ்ட்ரிபியூட்டரில் மேல் புஷ்ஷுக்கு உள்ளேயே கிரீஸ் அறை ஒன்று உண்டு. ஐம்பது ஆண்டுகளில் அந்த கிரீஸ் காய்ந்து கட்டியாகிவிடும். ஆட்டத்துக்கு முக்கியக் காரணம் அதுதான்.

பிறகு ரோட்டரை, டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றும் திசையான கடிகாரத் திசையில் லேசாகத் திருப்பி விடுங்கள். ஸ்பிரிங் இழுத்து அது உடனே பழைய இடத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் ரோட்டருக்கு அடியில் இருந்து, வேகம் கூடும்போது டைமிங்கை முன்னுக்குத் தள்ளும் அட்வான்ஸ் எடைகள் துருவிலோ காய்ந்த கிரீஸிலோ சிக்கியிருக்கின்றன. சுத்தம் செய்து மெல்லிய கிரீஸ் வையுங்கள். எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை முன்னுக்கு நகர்த்தும் வேக்குவம் அட்வான்ஸின் ஹோஸைக் கழற்றி வாயால் உறிஞ்சி, நுனியை நாக்கால் அடையுங்கள். உள்ளே தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். திரும்பிப் போனால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

பாயின்ட் மாட்டுவது

ரோட்டர் இரண்டு திருகுகளில் நிற்கிறது. அடியில் ஒரு குமிழ் வட்டம், இன்னொன்று சதுரம், அதனால் சரியான திசையில் மட்டுமே உட்காரும். உட்காராததை அழுத்தி இறுக்கினால் உடைந்துவிடும்.

புதிய பாயின்ட் முனைகளில் துரு பிடிக்காமலிருக்க மெல்லிய பூச்சு இருக்கும். தின்னரில் நனைத்த சுத்தமான துணியால் அதைத் துடைத்தெடுங்கள். எமரி தாள் வேண்டாம், அதன் துகள் முனையில் தங்கிப் பொறி விட்டு எரிக்கும். தீப்பொறிக்கான உயர் வோல்டேஜைத் தரும் காயிலிலிருந்து வரும் வயரும் கண்டென்சர் வயரும் பாயின்ட் ஸ்பிரிங்குக்கும் அதன் இன்சுலேட்டருக்கும் நடுவே செருகப்படுகின்றன. அந்த முனைகள் மேலே நீட்டிக்கொண்டிருந்தால் சுற்றும் அட்வான்ஸ் தட்டில் உரசி எர்த் ஆகும். ஓடிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று நின்றுபோகும். அதனால் இரண்டையும் நன்றாகக் கீழே அழுத்தி வையுங்கள்.

கேமில், பாயின்ட்டின் ஃபைபர் உரசும் இடத்தில், தீக்குச்சித் தலை அளவு கிரீஸ் போதும். கூடினால் சுற்றும் வேகத்தில் தெறித்து முனைகளில் படிந்து கருக வைக்கும். கிரீஸே வைக்காவிட்டால் ஃபைபர் சீக்கிரம் தேய்ந்து இடைவெளி மூடிக்கொண்டே வரும்.

ஃபைபர் கேம் மேட்டின் உச்சியில் நிற்கும்போது புதிய பாயின்ட்டுக்கு 0.019 அங்குலம் (0.48 மி.மீ.) இடைவெளி வையுங்கள். இது வண்டியை ஸ்டார்ட் செய்ய மட்டும். பழைய பாயின்ட்டில் ஃபில்லர் கேஜை நம்பக்கூடாது. ஒரு முனையில் குழியும் மறுமுனையில் மேடும் விழுந்திருப்பதால் அளவு தப்பாகவே காட்டும்.

டுவெல் முதலில், டைமிங் பிறகு

டிஸ்ட்ரிபியூட்டரின் ஒரு சுற்றில் எட்டு சிலிண்டரில் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 45 டிகிரி. அதில் பாயின்ட் மூடியிருக்கும் பகுதிதான் டுவெல். இங்கே அது 30 டிகிரி; 28 முதல் 32 வரை ஏற்றுக்கொள்ளலாம். மூடியிருக்கும் நேரத்தில்தான் காயில் நிறைகிறது. டுவெல் குறைந்தால் வேகம் கூடும்போது காயில் நிறைய நேரம் போதாமல் தீப்பொறி பலவீனமாகும்.

மீட்டரைக் காயிலின் மைனஸ் முனைக்கும் எர்த்துக்கும் கொடுத்து, எஞ்சினைச் சூடேற்றி ஐடிலில் விடுங்கள். ஜன்னலைத் தூக்கி ஆலன் கீயை நுழைத்து முள் 30-இல் நிற்கும்வரை திருப்புங்கள். மீட்டர் இல்லையென்றால், மிஸ் அடிக்கத் தொடங்கும்வரை கடிகாரத் திசையில் திருப்பி, அங்கிருந்து அரைச் சுற்று பின்னால் வாருங்கள். ஏறத்தாழ 30 கிடைக்கும். பிறகு வேகத்தை 1,750 ஆர்.பி.எம். வரை ஏற்றிப் பாருங்கள். டுவெல் 3 டிகிரிக்கு மேல் மாறினால் மறுபடியும் அந்த ஷாஃப்ட் புஷ்தான். வேலை முடிந்ததும் ஜன்னலை மூடுங்கள், தூசி உள்ளே போகக்கூடாது.

இந்த வரிசையை மாற்றக்கூடாது. டுவெல் ஒரு டிகிரி கூடினால் பாயின்ட் தாமதமாகத் திறந்து, டைமிங் ஒரு டிகிரி பின்னுக்குப் போகும். டைமிங்கை முதலில் வைத்துவிட்டு டுவெல்லைத் திருத்தினால் வைத்த டைமிங் கெட்டுவிடும்.

டைமிங் பார்க்கும்போது வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிடுங்கள். முதல் சிலிண்டர் வண்டியின் இடப்பக்கத்தில் (அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் பக்கம்) முன்னால் இருப்பது. லைட்டை அந்த வயரில் மாட்டி, கிராங்க் முனையிலுள்ள பேலன்சரின் டைமிங் கோட்டில் வெளிச்சம் விழும்படி பிடியுங்கள். ஐடில் டைமிங் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், அந்த ஆண்டின் ஷாப் மேனுவலில் உள்ளதை வையுங்கள். போல்டைக் கொஞ்சம் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டர் உடலை எதிர்க்கடிகாரத் திசையில் திருப்பினால் டைமிங் முன்னுக்கு வரும். ஹோஸ் கழற்றிய நிலையில் சுமார் 3,000 ஆர்.பி.எம்.-இல் மொத்தம் 34 முதல் 36 டிகிரிக்குள் நின்றால் பெரும்பாலான ஸ்மால் பிளாக்குக்கு அது நல்ல அளவு. ஏற்றத்தில் நாக்கிங் (எஞ்சினுக்குள் தட்டும் சத்தம்) கேட்டால் 2 டிகிரி பின்னுக்கு இழுங்கள்.

குறியையே சந்தேகப்படுங்கள்

கிராங்க் முனையிலுள்ள பேலன்சரின் வெளி வளையத்தை ரப்பர்தான் பிடித்திருக்கிறது. ரப்பர் இறுகி விட்டுப்போனால் வளையம் நகர்ந்து, டைமிங் கோடும் கூடவே இடம் மாறும். எத்தனை கவனமாக லைட் பிடித்தாலும் அப்போது கிடைப்பது பொய்க் கணக்கு.

சரிபார்க்க, பேட்டரியைக் கழற்றிவிட்டு முதல் பிளக்கின் இடத்தில் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகுங்கள். கிராங்க்கை ஸ்பேனரால் கையாலேயே மெதுவாகச் சுற்றி, பிஸ்டன் முட்டி நிற்கும் இடத்தில் சுட்டிக்கு நேரே பேலன்சரில் கோடு போடுங்கள். எதிர்த்திசையில் சுற்றி மறுபடியும் முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிநடுவில் இருப்பதுதான் உண்மையான உச்சிநிலை. பழைய கோடு அங்கே இல்லையென்றால் பேலன்சரை மாற்றுங்கள். புதிய வண்ணக் கோடு போட்டுச் சமாளிப்பது தற்காலிகம்தான், வளையம் இன்னும் நகரும்.

பாயின்ட் அடிக்கடி எரிந்தால்

சாவியிலிருந்து காயிலுக்கு வரும் வயர் சாதாரண வயர் அல்ல. பெரும்பாலான மாடல்களில் அது துணி உறை போட்ட ரெசிஸ்டன்ஸ் வயர். வயரிங் மாற்றும்போது அதைத் தூக்கிவிட்டுச் சாதாரணச் செம்பு வயர் போட்டால், முழு 12 வோல்ட் இறங்கிப் பாயின்ட் சில வாரங்களில் கருகும். சாவி போட்டு, பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலின் பிளஸ் முனையில் வோல்டேஜ் பாருங்கள். 5 முதல் 7 வரை இருந்தால் சரி, 12 காட்டினால் ரெசிஸ்டன்ஸ் காணாமல் போயிருக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் முழு வோல்டேஜ் கிடைக்க, ஸ்டார்டர் சோலனாய்டின் ஆர் முனையிலிருந்து தனி வயர் வருகிறது. சாவியைத் திருப்பும்போது பற்றி, விட்டவுடன் நின்றுபோகும் வண்டியில் ரெசிஸ்டன்ஸ் வயர் அறுந்திருக்கும்.

கடைசியாகப் பிளக் வயர்கள். ஃபயரிங் வரிசை 1-8-4-3-6-5-7-2. 5-உம் 7-உம் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள், அடுத்தடுத்து வெடிக்கவும் செய்கின்றன. இரண்டு வயர்களும் ஒட்டி இணையாக ஓடினால் ஒன்றின் மின்சாரம் மற்றதில் தூண்டப்பட்டு, 7 முன்கூட்டியே பற்றும். இடையில் வேறொரு வயரை விட்டோ, குறுக்காக ஓடவிட்டோ பிரித்து வையுங்கள். புதிய ஃபைபர் படிந்து இடைவெளி குறைந்திருக்கும் என்பதால் சில நூறு மைல்களுக்குப் பின் டுவெல்லையும், அதன் பிறகு டைமிங்கையும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.