குங்கிலியம் வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் வீட்டிலேயே தூபம் செய்து விற்கப் பலர் இறங்கியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் தூபத்துக்குப் போடும் மரப்பிசினான குங்கிலியத்தை வாங்கும்போது, எங்கள் காலத்தில் நாங்கள் இடறிய அதே இடங்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள். மண் கலந்த சரக்கு, எடைக் குறைவு பற்றியெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள், அதை விடுகிறேன்.

பெயரை மட்டும் சொல்லி வாங்குவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. குங்கிலியம் என்பது ஒரே மரத்தின் பிசின் இல்லை. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் பெரும்பாலும் சால் மரத்துப் பிசினைத் தருவார்கள். வெளிர் மஞ்சளாக இருக்கும். அது வட, மத்திய இந்தியக் காட்டு மரம். நம் நீலகிரி மலையில் குறும்பர் பழங்குடியினர் சேகரிப்பது கருங்குங்கிலியம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் ஓங்கி வளர்ந்து, செக்கச்செவேலென்று தளிர்விடும் மரம் அது. பிசின் காய்ந்தால் கறுப்பாகப் பளபளக்கும். கூடலூர்ப் பக்கம் போனால், மலையாள வழக்கில் இதையே குந்திரிக்கம் என்பார்கள். நம் மருந்துக் கடைக்காரருக்கோ குந்திரிக்கம் என்றால் பறங்கிச் சாம்பிராணி, அது வேறு மரம்.

தெரிந்த தங்கச்சி ஒருத்தி கீழே சமவெளியில் உள்ள கடை ஒன்றுக்குப் போன் போட்டு, "குங்கிலியம் ஒரு மூட்டை" என்றாள். அவள் செய்முறைக்குக் கறுப்புதான் வேண்டும். வந்தது சால் பிசின். திருப்பி எடுக்கச் சொன்னால், "நீங்க கேட்டதைத்தானே அனுப்பினோம்?" என்றார்கள். அத்தனையும் கடன் வாங்கிய பணம். எந்த மரம், என்ன நிறம் என்று கேளுங்கள். ஒரு துண்டைக் கனலில் போட்டு முகர்ந்து பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

பென்சாயின் என்றதும் பென்சீன் என்ற நச்சு ரசாயனம் என்று பயப்படுவது

தூபத்துக்குப் போடும் இன்னொரு பிசினான சாம்பிராணியின் ஆங்கிலப் பெயர் பென்சாயின். சுமத்ராவிலிருந்து வந்ததை, சுமத்ராவையும் ஜாவா என்றே அழைத்த அரபு வணிகர்கள் 'லுபான் ஜாவி', அதாவது ஜாவாச் சாம்பிராணி என்றார்கள். ஐரோப்பியர் வாயில் முதலெழுத்து தேய்ந்து அது பென்சாயின் ஆனது. அதிலிருந்து கிடைத்தது பென்சாயிக் அமிலம். 1833இல் மிட்ஷர்லிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சி வடித்தார். அந்தத் திரவத்துக்கு அவர் இட்ட பெயர்தான் பிறகு பென்சீன் ஆனது. பெயரில் உறவு உண்டு, பொருள் வேறு. அதற்காக ஜன்னலைச் சாத்திவிட்டுப் புகை போடாதீர்கள்.

கம்ப்யூட்டர் சாம்பிராணியைப் பிசின் என்று நினைப்பது

பெரும்பாலும் கரித்தூளும் வாசனையும்தான்.

அடிமரத்தில் தீ வைத்து எடுத்த சரக்கு

பிசின் அதிகம் வடியும் என்று சிலர் இப்படிச் செய்கிறார்கள். மரம் பட்டுப்போகும். விலை குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.