நம் தோட்டத்தின் பெயரை உலக வரைபடத்தில் ஏற்றுவது எப்படி?

எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, பார்சல் கொண்டுவந்த தம்பி, பெக்டரி வாசலில் நின்று மூன்று தடவை போன் எடுத்தார். நான் சொன்ன தோட்டப் பெயர் அவருடைய வரைபடத்தில் இல்லை. அதில் இருந்தது துரைமார் காலத்து ஆங்கிலப் பெயர். இலங்கையின் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்துக்கு இரண்டு பெயர் இருப்பது நமக்குப் புதிதல்ல. கம்பனிக் கணக்கில் ஒன்று, நம் வாயில் ஒன்று. நம் வாயில் இருப்பதை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதை நாமே எழுதி வைக்கலாம். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்பது 2004இல் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடம். கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் போதும்.

முதலில் ஒரு கொப்பி எடுங்கள்

கணினியைத் திறக்கவே வேண்டாம். வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். தோட்டத்தின் தமிழ்ப் பெயர், மேக்கணக்கு, கீழ்க்கணக்கு என்ற தோட்டப் பிரிவுகள், மேட்டு லயம், பணிய (கீழ்) லயம், எத்தனையாம் நம்பர் தேயிலை மலை, கோயில், குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவம், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களம், எல்லாவற்றையும் குறியுங்கள். ஒரே இடத்துக்கு ஆச்சி ஒரு பெயரும் மாமா ஒரு பெயரும் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். சண்டையை அப்புறம் தீர்க்கலாம்.

உரிமத்தை வாசித்துவிட்டுக் கணக்குத் திறங்கள்

எல்லோரும் வாசிக்காமல் தாண்டும் இடம் இது. எனக்கு இதுதான் முக்கியம். நீங்கள் சேர்க்கும் தகவல் 'ஓப்பன் டேட்டாபேஸ் லைசன்ஸ்' என்ற உரிமத்தின் கீழ் வெளியாகும். 2012 முதல் இதுதான் நடைமுறை. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் யாருடைய தகவல் என்று சொல்ல வேண்டும். அந்தத் தரவோடு மேலும் சேர்த்துத் திருத்தி வெளியிட்டால், அதையும் இதே உரிமத்தில்தான் கொடுக்க வேண்டும்.

"நாம் பாடுபட்டுச் சேர்த்ததை எவனோ விற்றுக் காசு பார்ப்பானே?" என்று என் மச்சான் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கதவைச் சாத்தினால் நமக்கு வேண்டியவர்களும் உள்ளே வர முடியாது. சிக்னல் இல்லாத மலையிலும் வேலை செய்யும் ஓர்கானிக் மேப்ஸ் செயலி இந்தத் தரவில்தான் இயங்குகிறது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் பூமி அதிர்ந்தபோது, அந்த நாட்டையே பார்த்திராதவர்கள் செய்மதிப் படங்களைப் பார்த்துத் தலைநகரின் தெருக்களை வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன, யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கே முதல் நாட்களில் ஆளுக்கு ஒன்றாக இருந்தது. எந்த லயம் எங்கே இருந்தது என்பது முன்கூட்டியே பலர் கையில் இருக்க வேண்டிய தகவல்.

வரையுங்கள்

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் இணையத்தளத்தில் உங்கள் தோட்டத்தைத் தேடி 'திருத்து' பொத்தானை அழுத்துங்கள். பின்னணியில் வானிலிருந்து எடுத்த படம் வரும். அதன்மேல் வரைய அனுமதி உண்டு. மேகம் மறைத்தால் வேறு படத்துக்கு மாற்றுங்கள், நம் ஊரில் இது அடிக்கடி நடக்கும். லயத்தின் நான்கு மூலைகளையும் சொடுக்கி, கட்டடம் என்று தெரிவு செய்யுங்கள். மூலைகள் கோணலாக இருந்தால் கியூ விசை நேராக்கிவிடும். பெயர்ப் பகுதியில் தமிழ் மொழியைச் சேர்த்து, கொப்பியில் உள்ளதை எழுதுங்கள். ஆங்கிலப் பெயரை அழிக்காதீர்கள். அதுவும் உண்மையான பெயர்தான்.

மலைச்சரிவில் படம் சில மீற்றர் விலகித் தெரியலாம். முடிந்தால் நேரில் போய் நின்று போன் காட்டும் இடத்தோடு ஒப்பிடுங்கள்.

இரண்டு விஷயம் செய்யாதீர்கள்

கூகுள் மேப்ஸைப் பார்த்துப் பெயரையோ பாதையையோ பிரதி எடுக்காதீர்கள். அச்சிட்ட வரைபடங்களும் அப்படித்தான். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி, பதிவு செய்யாவிட்டாலும் ஆக்கத்துக்குப் பதிப்புரிமை உண்டு. பிறர் உரிமையுள்ள தகவல் கலந்தால் உங்கள் உழைப்பும் சேர்ந்து நீக்கப்படும். கண்ணால் கண்டதும் வாயால் கேட்டதும் போதும்.

லயத்தில் எந்தக் காம்பராவில் (அறையில்) யார் குடியிருக்கிறார் என்றும் எழுதாதீர்கள். இடத்தின் பெயர் எல்லோருக்கும் பொது, ஆளின் பெயர் அப்படியல்ல.

சேமியுங்கள்

சேமிக்கும்போது என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரி கேட்கும். 'மேக்கணக்கு லயங்களுக்குத் தமிழ்ப் பெயர் சேர்த்தேன், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டது' என்பதுபோல எழுதுங்கள். பின்னால் வருகிறவருக்கு அதுதான் சாட்சி. இணையத்தளத்தில் சில நிமிடங்களில் தெரியும், செயலிகளில் வர நாளெடுக்கும்.

நான் ஓடைக்கு இந்தப் பக்கம் குறித்திருந்த மாரியம்மன் கோயிலை, போன வாரம் யாரோ அந்தப் பக்கம் நகர்த்தியிருக்கிறார். நேரில் போய்ப் பார்த்தேன். அவர் வைத்ததுதான் சரி.