மைக்ரோவேவ் ரிப்பேர்: ஃபியூஸ் சும்மா போகாது

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி என்று எங்கள் வடசென்னைப் பக்கம் பட்டறைக்கு வரும் மைக்ரோவேவ்களில் நிறைய ஏற்கெனவே ஒரு கை பட்டவை. வீட்டுக்காரரோ, போனில் வீடியோ பார்த்துப் பழகிய பையனோ திறந்திருப்பார்கள். திறந்ததில் எனக்கு வருத்தமில்லை. திறக்காமல் தொழில் வராது. ஆனால் என் வயது மெக்கானிக்குகள் பழகுகிற காலத்தில் செய்த அதே தப்புகளை இன்றைய பிள்ளைகளும் செய்வதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஸ்குரூவைத் தொலைப்பது, ஒயரை மாற்றிச் செருகுவது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் தானாகத் திருந்தும்.

பிளக்கைப் பிடுங்கியாச்சே என்று கை வைப்பது

230 வோல்ட்டை டிரான்ஸ்பார்மர் சுமார் 2000 வோல்ட்டுக்கு ஏற்றுகிறது. கண்டென்சரும் டயோடும் சேர்ந்து அதை 4000 வரை கொண்டுபோகின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் சார்ஜ் நிற்கும். அதை வடிக்க உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் உண்டு. அது அறுந்துபோயிருந்தால் வெளியே எதுவும் தெரியாது. சில நிமிடம் விட்டு, கைப்பிடி நன்றாக இருக்கும் நீள ஸ்குரூடிரைவரால் கண்டென்சரின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொடுங்கள். பிறகு ஒவ்வொரு முனையையும் பாடியோடு சேர்த்துத் தொடுங்கள். அதற்கப்புறம்தான் கை உள்ளே போகலாம். ஃபேன் கண்டென்சர் உதறிவிடும். இது ஆளையே கொண்டுபோகும். இதைச் செய்யத் தயக்கம் இருப்பவர் கவரைக் கழற்றவே வேண்டாம்.

ஓடும்போது மீட்டர் வைப்பது

கூடாது. உங்கள் மீட்டர் 600 வோல்ட்டுக்கோ 1000 வோல்ட்டுக்கோ செய்தது.

ஃபியூஸ் போனால் ஃபியூஸை மட்டும் மாற்றுவது

எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான்.

காசிமேட்டிலிருந்து ஒரு அக்கா மைக்ரோவேவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கதவத் தொறந்தா டப்புனு சத்தம் வந்து செத்துப்போவுதுப்பா. ஒரு தம்பி சரி பண்ணிக் குடுத்துச்சு, இப்ப சத்தம் இல்ல, ஆனா கருகுன வாட வருது" என்றார். கவரைக் கழற்றினேன். ஃபியூஸ் இருந்த இடத்தில் வீட்டு ஒயரிங்கில் உரித்த செம்புக் கம்பி. கதவுப் பக்கம் இருக்கும் மூன்று சுவிட்சுகளில் ஒன்றின் ஒயரை வெட்டி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. சத்தம் நின்றதற்குக் காரணம் அதுதான்.

அந்த மூன்று சுவிட்சும் எதற்கு என்று தெரியாமல் யாரும் மைக்ரோவேவைத் தொடக்கூடாது. பிரைமரி, செகண்டரி என்று இரண்டு, கதவு மூடினால் கரண்ட்டை உள்ளே விடும். மூன்றாவது மானிட்டர் சுவிட்ச், அவற்றுக்குக் காவல்காரன். கதவு திறக்கும்போது பிரைமரி முதலில் பிரியவேண்டும். அது பிரிந்த பிறகு மானிட்டர் சேரும். பிரைமரி பிரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், மானிட்டர் சேர்ந்த நொடியில் லைனும் நியூட்ரலும் நேராக ஷார்ட் ஆகி ஃபியூஸ் வெடிக்கும். கம்பெனிக்காரன் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. கதவு திறந்திருக்க அலை வெளியே வரக்கூடாது என்பதற்காக மெஷின் தன்னைத்தானே சாகடித்துக்கொள்கிறது.

அந்த அக்கா வீட்டு மெஷினில் பிரைமரி சுவிட்ச் உள்ளே ஒட்டிப்போயிருந்தது. மானிட்டரை வெட்டியாகிவிட்டது. ஃபியூஸ் கம்பியாகிவிட்டது. மிச்சமிருந்தது செகண்டரி ஒன்றுதான். அதுவும் ஒட்டியிருந்தால், கதவு திறந்திருக்க உள்ளே ஓடியிருக்கும். அந்த வீட்டில் பேரப்பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி, தட்டு சுற்றுவதைப் பார்ப்பார்களாம். இதைக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது.

கதவைத் திறக்கும்போதோ மூடும்போதோ ஃபியூஸ் போனால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சுவிட்சையும் கதவுக் கொக்கியையும். பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சரை வடித்து, சுவிட்சின் ஒயர்களைக் கழற்றிவிட்டு மீட்டரைப் பீப்பில் (இணைப்பு இருந்தால் சத்தம் போடும் நிலையில்) வையுங்கள். பிரைமரி, செகண்டரி இரண்டும் கதவு மூடினால் பீப் அடிக்கவேண்டும், திறந்தால் அடங்கவேண்டும். மானிட்டருக்கு நேர்மாறு. ஒயரைக் கழற்றாமல் பார்த்தால் டிரான்ஸ்பார்மர் சுருள் வழியாகவே மீட்டர் பீப் அடித்து, நல்ல சுவிட்சைக் கெட்டது என்று காட்டிவிடும். பையன்கள் தடுமாறுகிற இடம் இது.

இன்னொன்று, பார்க்க மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். பிரைமரி வகை சுவிட்சை மானிட்டர் இடத்தில் மாட்டினால், கதவை மூடி ஸ்டார்ட் செய்ததும் புது ஃபியூஸ் போகும். பழையதன்மேல் எழுதியிருப்பதைப் படித்து, கையோடு எடுத்துக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போய் அதையே வாங்குங்கள். ஷார்ட்டில் ஃபியூஸ் போயிருந்தால் பிரைமரியையும் மானிட்டரையும் சேர்த்தே மாற்றவேண்டும். அந்த ஒரு ஷார்ட்டிலேயே மானிட்டரின் உள்முனையும் அடிவாங்கியிருக்கும். ஃபியூஸும் அதே ஆம்பியர், அதே பீங்கான் வகை. எல்லாம் சேர்த்தாலும் ஒரு பிரியாணிக் காசுதான் வரும். அந்தத் தம்பி அதை மிச்சம்பிடித்ததில் போர்டு பாதி கருகியிருந்தது. போர்டின் விலையைச் சொன்னதும் அந்த அக்கா ஒன்றும் பேசவில்லை.

சுவிட்ச் ஏன் ஒட்டுகிறது? ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டாப் அழுத்தாமல் கதவை வெடுக்கென்று இழுப்பது ஒரு முக்கியக் காரணம். ஒவ்வொரு இழுப்பிலும் உள்ளே ஒரு பொறி பறக்கிறது. வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லாமல் மெஷினைக் கொடுத்தனுப்பாதீர்கள்.

சூடு வரவில்லை என்றதும் மேக்னட்ரான் வாங்குவது

சூடாக்கும் அலையை உண்டாக்குவது மேக்னட்ரான். இருப்பதிலேயே விலை அதிகமான பாகங்களில் அது ஒன்று. அதற்கு முன்னால் ஹை வோல்டேஜ் ஃபியூஸ், டயோடு, கண்டென்சர் மூன்றையும் பாருங்கள். டயோடைச் சாதாரண மீட்டரில் பார்த்தால் இரண்டு பக்கமும் ஓபன் காட்டும். நல்ல டயோடே அப்படித்தான் காட்டும், உள்ளே பல டயோடுகள் தொடராக இருப்பதால். 9 வோல்ட் பேட்டரியைத் தொடரில் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் விடும், மறு பக்கம் விடாது. மேக்னட்ரானின் இரண்டு முனைகளுக்கிடையே ஒரு ஓமுக்கும் கீழே வரவேண்டும், முனைக்கும் பாடிக்கும் இடையே எதுவும் வரக்கூடாது. முனையில் செருகியிருக்கும் கிளிப்பையும் பாருங்கள். கடலோர வீடுகளில், ராயபுரம் முதல் எண்ணூர் வரை, உப்புக் காற்றில் கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்து, கருகிப்போயிருக்கும். அதை மாற்றினாலே பல மெஷின் சூடாகிவிடும்.

உள்ளே பொறி பறந்தால் மேக்னட்ரான் மேல் பழி

அலை உள்ளே வரும் துளையை மூடியிருக்கும் மைக்கா ஷீட்டில் எண்ணெய் கருகியிருக்கும். புது ஷீட்டை வெட்டி மாற்றுங்கள்.

எர்த் இல்லாத பிளக்

பழைய ஓட்டு வீடுகளில் மூன்று பின் பிளக்கைக் கன்வெர்டர் போட்டு இரண்டு பின்னில் செருகுகிறார்கள். டிரான்ஸ்பார்மரின் ஹை வோல்டேஜ் சுருளில் ஒரு முனை பாடியோடுதான் சேர்ந்திருக்கிறது. அதனால் எர்த் இல்லாத வீட்டில் மெஷினைச் சரிசெய்து கொடுப்பதும் ஆபத்துதான். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

வெள்ளத்தில் நனைந்தது

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வெயிலில் காயவைத்து ஆன் செய்தவர்கள் நிறைய. டிரான்ஸ்பார்மருக்குள் தண்ணீர் போனதை வெயில் எடுக்காது. ஆன் செய்யாதீர்கள்.

காலியாக ஓட்டிப் பார்ப்பது

சரிசெய்த மகிழ்ச்சியில் வெறும் மைக்ரோவேவை ஓடவிடுகிறார்கள். எடுத்துக்கொள்ள ஆளில்லாத அலை திரும்பி மேக்னட்ரானையே அடிக்கும். அகலமான பாத்திரத்தில் 1 லிட்டர் தண்ணீர் வைத்து, முழு பவரில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ பரவாயில்லை, எவர்சில்வர் வேண்டாம். முன்னும் பின்னும் தெர்மாமீட்டர் வைத்து, எத்தனை டிகிரி செல்சியஸ் ஏறியதோ அதை 70-ஆல் பெருக்கினால் வாட் கிட்டத்தட்ட வந்துவிடும். 800 வாட் மெஷினில் 11 டிகிரி அளவுக்கு ஏறவேண்டும். 6, 7 டிகிரியோடு நின்றால் வீட்டு வோல்டேஜையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அதற்கப்புறம் மேக்னட்ரானைச் சந்தேகப்படுங்கள்.